முதலில் கொட்டகை, பிறகு விமானம்

அமெரிக்காவில் பழைய சிறு விமானமொன்றை வாங்கி, வீட்டோடு வைத்துப் பறக்க ஆசைப்படும் தமிழ் விமானிகளுக்கு,

உங்களில் சிலர் விமான ஓடுபாதையை ஒட்டிய குடியிருப்பில் மனை வாங்கியிருப்பீர்கள். சிலரிடம் விமானம் இறங்குமளவுக்கு நீண்ட புல்வெளியோடு பண்ணை நிலமே இருக்கலாம். தேடும் விமானம் பெரும்பாலும் ஒரே வகைதான்: பைப்பர் ஜே-3 கப், ஏரோங்கா சாம்ப், டெய்லர்கிராஃப்ட். இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்னும் பின்னும் செய்யப்பட்டவை. இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியவை. 65 குதிரைத்திறன் எஞ்சின், இரண்டு இருக்கை, வாலுக்கடியில் சின்னச் சக்கரம். கப் மட்டுமே 1938 முதல் 1947 வரை கிட்டத்தட்ட 20,000 வெளிவந்தது. இந்தியாவின் பறக்கும் கழகங்களில் பயின்றவர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. 1958ல் முதன்முதலாகப் பறந்த நம்மூர்ப் புஷ்பக், ஏரோங்கா சீஃப் விமானத்துக்கு நெருங்கிய சொந்தம். அமெரிக்காவில் 2004ல் வந்த ஸ்போர்ட் பைலட் விதி 1,320 பவுண்டுக்கு உட்பட்ட எளிய விமானங்களைக் குறைந்த பயிற்சியோடு ஓட்ட வழிவிட்டது. முழுச் சுமையோடும் 1,220 பவுண்டைத் தாண்டாத கப்பும் சாம்பும் அதற்குள் அடங்கிவிட்டதால் இவற்றின் மீது புதிதாக ஒரு மோகம் பிறந்தது. வாங்குவோர் வழக்கமாகப் பின்பற்றும் வரிசை இது: முதலில் விமானம், அடுத்து துணி மாற்றிப் புதுப்பிக்கும் வேலை, கையில் பணம் சேர்ந்தால் கொட்டகை. அந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். கொட்டகை கட்டி முடியாமல் விமானத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கட்டும்போதும் பெரிதாகக் கட்டுவதைவிட உலர்ந்ததாகவும் மண்ணோடு இறுகப் பிணைந்ததாகவும் கட்டுங்கள்.

விமானம் கெடுவது வானில் என்று நினைப்பது இயல்பு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஆண்டுக்கு 50 மணி நேரம் பறக்கும் விமானம் மீதி 8,710 மணி நேரம் தரையில்தான் நிற்கிறது. உலகின் முதல் விமானத்தின் கதையே இதற்குச் சாட்சி. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் நான்கு முறை பறந்தார்கள். கடைசிப் பறத்தல் 59 விநாடியில் 852 அடி. அதன்பின் விமானத்தைத் தூக்கிவந்து முகாம் கொட்டகையருகே வைத்துவிட்டு, பறந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றார்கள். அப்போது வீசிய ஒரு வன்காற்று அதைப் புரட்டிப்போட்டது. பிடித்து நிறுத்தப் போன ஜான் டேனியல்ஸ் அதற்குள் சிக்கி உருண்டார். அந்த விமானம் அதன்பிறகு பறக்கவே இல்லை. கொட்டகையின் தேவையை அறியாதவர்கள் அல்ல அந்தச் சகோதரர்கள். அந்த மணல்வெளியில் இரண்டு கொட்டகைகள் கட்டியிருந்தார்கள். சில நிமிடம் வெளியில் நின்றதே போதுமானதாக இருந்தது.

கப் விமானத்துக்கு இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலி எடை 765 பவுண்டு. முழுச் சுமையோடு அது வானில் தாக்குப்பிடிக்கும் மிகக் குறைந்த வேகம் மணிக்கு 38 மைல். வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து நிற்கும் விமானத்தின் இறக்கை, தரையில் இருக்கும்போதே அந்த மெதுவான பறத்தலுக்குரிய கோணத்தை நெருங்கி நிற்கிறது. இறக்கையின் தூக்குவிசை காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஆக, இடிமழைக்கு முன் 60 மைல் காற்று நேர்முகமாக வீசினால், 1,220 பவுண்டைத் தூக்கும் இறக்கை ஏறத்தாழ 3,000 பவுண்டுக்கு இழுக்கப் பார்க்கும். எடையைக் கழித்தாலும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட இழுப்பைக் கயிறும், மண்ணில் அடித்த முளையும், எழுபது எண்பது ஆண்டுப் பழைய இறக்கை இணைப்புகளும் தாங்கவேண்டும். மண்ணையொட்டிக் காற்று சற்று மெலிந்தே வீசும் என்பது உண்மை. எண்ணைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், முடிவு மாறாது. ஃபுளோரிடாவின் லேக்லாண்டில் 2011 மார்ச் 31 அன்று, நாட்டின் பெரிய விமானத் திருவிழாக்களில் ஒன்றுக்கு நடுவே சூறாவளி புகுந்தபோது, விவரம் தெரிந்தவர்கள் கட்டிப்போட்டிருந்த விமானங்களும்தான் பிய்ந்து புரண்டன.

காற்று என்றோ ஒரு நாள் வருவது. வெயில் தினமும் வருகிறது. இந்த விமானங்களின் மேல்தோல் ஆதியில் பருத்தித் துணி. டோப் பூச்சால் இறுக்கி விறைப்பாக்கியது. கப் போன்ற இலகு இறக்கைக்குரிய துணி புதிதாக இருக்கும்போது ஓர் அங்குல அகலத்துக்கு 65 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும். 46 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அதோடு பறக்கக் கூடாது. இடையிலுள்ள 19 பவுண்டுதான் உரிமையாளரின் கைமுதல். அதைத் தின்பது பெரும்பாலும் சூரியனின் புற ஊதாக் கதிர். இன்று போர்த்தப்படும் பாலியெஸ்டர் துணிக்கு ஆயுள் கூடுதல்தான், ஆனால் அதற்கும் இதே கதிர்தான் எமன். அதனால்தான் வண்ணத்துக்கு அடியில் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சைப் பூசி வெளிச்சத்தைத் தடுக்கிறார்கள். பூச்சு விரிசல்விட்ட இடத்தில் தடுப்பு போய்விடும். மூடுதுணி போர்த்தினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வெயிலை அது ஓரளவு மறைக்கும். கூடவே காற்றில் படபடத்துப் பூச்சைத் தேய்க்கும், மழைக்குப்பின் ஈரத்தை விமானத்தோடு சேர்த்துப் பொதிந்து வைக்கும். ஊர்விட்டு ஊர் பறக்கும்போது இரண்டு நாள் இரவல் நிழலுக்கு மூடுதுணி சரி. ஆண்டுக்கணக்கில் அது கூரையாகாது.

இதுவரை சொன்னதில் உங்களில் யாருக்கும் பெரிய மறுப்பு இருக்காது. கூரை வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். எந்தக் கூரை என்பதில்தான் என் வாதத்தின் கடினமான பகுதி தொடங்குகிறது. தவறாகக் கட்டிய கொட்டகை விமானத்தை மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் கொல்லும். பைப்பர் விமானங்களின் இறக்கையை உடலோடு இணைக்கும் சாய்வுத் தாங்குகம்பிகளை எண்ணிப்பாருங்கள். அவை உள்ளீடற்ற இரும்புக் குழாய்கள். உள்ளே புகுந்த ஈரம் கீழ்முனையில் தேங்கி, உட்புறத்திலிருந்து துருவாக அரித்துக்கொண்டே வரும். வெளியே வண்ணம் பளபளவென்று இருக்கும். இதனால் 1990களிலிருந்தே அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கட்டாய ஆணை நடப்பில் இருக்கிறது. முற்றிலும் அடைத்து மூடிய புதுக்கம்பி மாட்டாதவர்கள் 24 மாதத்துக்கு ஒருமுறை அவற்றைச் சோதித்தாக வேண்டும். உடற்சட்டத்தின் அடிக்குழாய்களுக்கும் வால்பகுதிக்கும் இதே நோய் வரும். சாம்பின் இறக்கையில் முதுகெலும்பாக ஓடுவது ஸ்ப்ரூஸ் மரம். அது நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்தே நலிகிறது. இந்த ஈரம் எல்லாம் மழையாக வந்ததல்ல. காற்றில் ஆவியாகவும் மண்ணிலிருந்து மேலேறியும் வருவதும் உண்டு. கூரை மழையைத் தடுக்கும். ஆவியைத் தடுக்க யோசித்துத்தான் கட்டவேண்டும்.

மலிவுக் கொட்டகையின் இலக்கணம் உங்களுக்குத் தெரியும்: மரத்தூண்கள், மேலே வெறும் இரும்புத் தகடு, கீழே மண் அல்லது ஜல்லி. தெளிந்த இரவில் அந்தத் தகடு வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து, உள்ளேயிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகிறது. மண்தரையிலிருந்து கிளம்பிய ஈரக்காற்று மேலேபோய் அதன் அடிப்புறத்தில் பனிக்கிறது. விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக விமானத்தின் இறக்கைமேல் விழுகிறது. மழையே பெய்யாத வாரத்திலும் உள்ளே மழை. கான்கிரீட் போட்டுவிட்டால் தீர்ந்தது என்பதும் சரியல்ல. கான்கிரீட் நீராவியை விடும் பொருள். அதற்கடியில் ஜல்லிப் படுகையும், அதன்மேல் கனமான பாலித்தீன் விரிப்பும், விரிப்பின் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஒட்டப்பட்டும் இருந்தால்தான் மண்ணின் ஈரம் மண்ணோடு நிற்கும். கூரைக்கு அடியில் வெப்பக்காப்பு வேண்டும், அல்லது ஈரத்தை உறிஞ்சிப் பகலில் காற்றில் விட்டுவிடும் படலம் ஒட்டிய தகடாவது வேண்டும். கூரை முகட்டிலும் சுவரின் அடியிலும் காற்றுப் போக்குவரத்துக்கு வழி வேண்டும். அந்த வழிகளில் எலி புகாத நெருக்கமான கம்பிவலையும் வேண்டும். எலியை நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இறக்கைக்குள் கூடுகட்டும் எலியின் சிறுநீர் அலுமினியத்தையே அரிக்கும், அதைத் துணி கிழித்துப் பார்த்தால்தான் தெரியும். வேகமானிக்குக் காற்று கொண்டுசெல்லும் பிட்டோ குழாயில் மண்கூடு வைக்கும் குளவி அடுத்த விருந்தாளி. குளிர்நாட்டு மாநிலங்களில் இன்னொரு தந்திரம் நடக்கும். நீண்ட குளிருக்குப் பிறகு வரும் முதல் வெதுவெதுப்பான நாளில், ஆசையாகக் கதவைத் திறந்துவைத்தால், சில்லிட்டுக் கிடக்கும் எஞ்சினும் குழாய்களும் வியர்த்துக் கொட்டிவிடும். நல்ல நாள் பார்த்துக் கதவை மூடிவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது அளவு. கட்டுவதே கட்டுகிறோம், பெரிதாகக் கட்டிவிடலாம், நாளை பெரிய விமானம் வரும், மனையை விற்கும்போதும் விலை கிடைக்கும் என்பது நான் அடிக்கடி படிக்கும் யோசனை. கப்பின் இறக்கை விரிவு 35 அடி 3 அங்குலம், நீளம் 22 அடி 5 அங்குலம், உயரம் 6 அடி 8 அங்குலம். 42 அடி அகலக் கதவில் இருபுறமும் மூன்றடிக்கு மேல் இடைவெளி கிடைக்கும். ஒருவர் தள்ளி மற்றொருவர் பார்த்துக்கொண்டால் இறக்கை நுனி இடிபடாது. 10 அடி உயரம் தாராளம். கட்டடம் 48 அடிக்கு 36 அடி என்றால் 1,728 சதுர அடி. பின்பக்கம் பணிமேசைக்கும் இறக்கையைக் கழற்றிச் சாய்த்துவைக்கவும் இடம் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்கள் தழுவியுள்ள சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பு, வீட்டோடு சேர்ந்த விமானக் கொட்டகை என்று தனியாக ஓர் இனம் வகுத்திருக்கிறது. 2,000 சதுர அடிக்கும் 20 அடி உயரத்துக்கும் உட்பட்டவையே அதில் சேரும். அந்த எல்லையைத் தாண்டினால் வணிகக் கட்டடத்துக்குரிய கெடுபிடிகள் எட்டிப்பார்க்கும். ஆகவே பெரிதாகக் கட்டுவதன் செலவு தகட்டிலும் ஆணியிலும் மட்டும் இல்லை. பெரிய கொட்டகையில் படகும் பழைய சோபாவும் புல்வெட்டும் வண்டியும் வந்து சேர்ந்து, விமானத்தை வெளியே எடுக்க ஐந்து பொருளை நகர்த்தவேண்டிய நிலை வந்ததும் பறப்பது குறையும். பறக்காத எஞ்சின் உள்ளே துருப்பிடிக்கும்.

அளவுக்கும் காற்றுக்கும் உள்ள உறவு இதைவிட முக்கியம். மணிக்கு 100 மைல் காற்று ஒரு சதுர அடிமேல் ஏறத்தாழ 25.6 பவுண்டு அழுத்தம் தருகிறது. 42 அடிக்கு 10 அடிக் கதவென்றால் 10,700 பவுண்டு. அதையே யாரோ சொன்னார்களென்று 14 அடி உயரமாக்கினால் 15,000 பவுண்டு. கப்புக்குத் தேவையே இல்லாத அந்த நான்கடி வெற்றிடத்துக்காக 4,300 பவுண்டு காற்றைக் கூடுதலாகச் சுமக்கிறீர்கள். சுமப்பதும் கொட்டகையின் மிக மெலிந்த உறுப்பு. ஒரு பக்கச் சுவரையே எடுத்துவிட்டு அங்கே கதவு மாட்டியிருக்கிறோம். அது நடுவில் மடிந்து மேலேறினாலும், ஒரே பலகையாக ஹைட்ராலிக்கில் தூக்கினாலும், தண்டவாளத்தில் நகர்ந்தாலும் பலவீனம் பலவீனம்தான். கதவு பிய்ந்துபோனால் கதை அங்கே முடிவதில்லை. உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தள்ளும், வெளியே போகும் காற்று மேலிருந்து இழுக்கும். நன்கு மூடிய கட்டடத்துக்கு உட்காற்றழுத்தக் குணகமாக 0.18 வைக்கும் பொறியாளர்கள், ஒருபக்கம் திறந்துபோன கட்டடத்துக்கு 0.55 வைக்கிறார்கள், மூன்று மடங்கு. 1,728 சதுர அடிக் கூரையை அந்த 25.6 பவுண்டில் பாதி மட்டும் மேல்நோக்கி இழுத்தாலும் 22,000 பவுண்டு. தகட்டுக் கூரையின் சொந்த எடை அதற்கு ஈடாகாது. கூரையிலிருந்து தூணுக்கு, தூணிலிருந்து அடித்தளத்துக்கு, அடித்தளத்திலிருந்து மண்ணுக்கு அறுபடாத இரும்புப் பிணைப்பு ஓடவேண்டும் என்று கட்டட விதிகள் வற்புறுத்துவது இதற்காகத்தான். கதவின் முகம் வழக்கமாகக் காற்று வீசும் திசைக்கு எதிரே இருக்கக் கூடாது. கதவின் கீழ்விளிம்பைத் தரையோடு பூட்டும் கொண்டிகள் அலங்காரமல்ல. இவற்றுக்குச் செலவழியுங்கள். இன்னுமொரு 500 சதுர அடிக்குச் செலவழிக்காதீர்கள்.

"ஆண்ட்ரூ போன்ற புயல் வந்தால் எந்தக் கொட்டகை நிற்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1992 ஆகஸ்ட் 24 அன்று தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கிய அந்தப் புயலில், டாமியாமி விமான நிலையத்தில் கெர்மிட் வீக்ஸ் நடத்திய அருங்காட்சியகம் கூரைக்குள் இருந்த அரிய விமானங்களோடு சிதைந்தது. பனியும் விட்டுவைப்பதில்லை, 2010 பிப்ரவரிப் பனிப்புயலில் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள டல்லஸ் விமான நிலையத்தில் ஜெட் விமானங்கள் நின்ற கொட்டகைகளின் கூரை பாரம் தாங்காமல் உள்ளே விழுந்தது. உச்சகட்டப் புயலுக்கு எதிராக யாரும் உத்தரவாதம் தரமுடியாது. ஆனால் ஒரு விமானம் தன் வாழ்நாளில் சந்திப்பது பெரும்பாலும் ஆண்ட்ரூவை அல்ல. ஆண்டுக்குப் பலமுறை வரும் 50, 60 மைல் இடிமழைக் காற்றையும், பல ஆயிரம் பகல் வெயிலையும், பல ஆயிரம் இரவு ஈரத்தையும். ஒழுங்காகக் கட்டிய சிறிய கொட்டகை இவை மூன்றுக்கும் போதும். சில நாள் முன்னதாகவே எச்சரிக்கை வரும் கடற்புயலுக்கு இருக்கவே இருக்கிறது மாற்றுவழி: விமானத்தைக் கிளப்பி வேறு மாநிலத்துக்குப் பறந்துவிடுவது. அதற்கும் அது பறக்கும் நிலையில் இருக்கவேண்டும் அல்லவா?

பொது விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்தால் என்ன என்பது வலுவான மறுப்பு. மோசமான சொந்தக் கொட்டகையைவிட நல்ல வாடகைக் கொட்டகை மேல் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வரிசையாகக் கட்டிய டி-வடிவ அறைகளில் ஒன்று உங்கள் ஊரில் உடனே கிடைக்குமானால், அது உலர்ந்தும் இருக்குமானால், எடுத்துக்கொள்ளுங்கள்; இந்த மடலை இதோடு மடித்துவைக்கலாம். ஆனால் பல ஊர்களில் அதற்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். மத்திய அரசின் மானியம் பெற்ற நிலையங்களில் அந்த அறையை விமானம் சார்ந்த வேலைக்கே பயன்படுத்தவேண்டும் என்று 2016ல் வெளியாகி 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கொள்கை சொல்கிறது. சொந்தமாக விமானம் கட்டுவதை அது ஏற்றுக்கொண்டது நல்ல செய்தி. இருந்தாலும் அங்கே தரையைத் தோண்டிப் பாலித்தீன் விரிக்கவோ கூரைக்கு வெப்பக்காப்பு போடவோ உங்களுக்கு உரிமை இல்லை. இதைவிடப் பெரிய வித்தியாசம் தூரம். எண்ணெய் மாற்றுவது, டயர் மாற்றுவது, தையல் பிரிக்கத் தேவையில்லாத சின்னத் துணிக்கிழிசலை ஒட்டுவது போன்ற தடுப்புப் பராமரிப்பு வேலைகளை விமானி உரிமம் பெற்ற சொந்தக்காரர் தாமே செய்யலாம் என்று விதி அனுமதிக்கிறது. இந்த வேலைகள் அரைமணி, முக்கால்மணி வேலைகள். ஒரு மணி நேரம் காரோட்டிப் போய்ச் செய்யவேண்டியவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். சமையலறையிலிருந்து இருபது அடி நடந்து செய்யவேண்டியவை இன்று மாலையே முடியும். பழைய விமானங்கள் பிழைத்திருப்பது இந்தச் சின்ன மாலைகளால்தான் என்பது என் கணிப்பு. இன்று உலகெங்கும் கிளை விட்டிருக்கும் எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷனை 1953ல் தொடங்கிய பால் பொபெரெஸ்னியின் இயக்கமே வீட்டு நிலவறைகளிலும் கார் கொட்டகைகளிலும் வளர்ந்ததுதானே. கார் கொட்டகை என்றதும் இறக்கையைக் கழற்றி அதிலேயே வைக்கலாமே என்று தோன்றும். புதுப்பிக்கும் காலத்துக்கு அது சரி. பறக்கும் விமானத்தை ஒவ்வொரு முறையும் பிரித்துப் பூட்டுவது, கேபிள்களின் இழுப்பையும் இறக்கையின் கோணத்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது, உரிமம் பெற்ற மெக்கானிக்கின் கையொப்பத்துக்குக் காத்திருப்பது என்று ஆகும்போது ஆசையே வற்றிவிடும்.

செலவு? விமானத்தின் விலையைவிடக் கொட்டகை அதிகமாகலாம். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன நம் முன்னோர் கொட்டகையையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விமான விலையோடு கொட்டகைச் செலவை ஒப்பிடுவது தவறான தராசு. ஒப்பிட வேண்டியது, வெளியில் நிறுத்தியதால் உரிய காலத்துக்கு முன்பே துணி முழுவதையும் உரித்து, விலா ஒவ்வொன்றோடும் துணியைக் கையால் தைத்து, பல சுற்றுப் பூச்சு பூசும் வேலையோடு. அந்த வேலையில் துணியின் விலை அற்பம். நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்புதான் செலவு. துணி வீணானால் மறுபடி வாங்கலாம், அரிக்கப்பட்ட மூலச் சட்டத்தை வாங்கமுடியாது. மாற்றுக்குழாய் வைத்துப் பற்றவைக்கலாம். அப்படிப் பற்றவைத்துப் பற்றவைத்து ஒருநாள் தயாரிப்புத் தகடு மட்டுமே மூல விமானத்தைச் சேர்ந்ததாக மிஞ்சும். கொட்டகை மனையோடு நிற்கும், அடுத்த விமானத்துக்கும் பயன்படும். இரண்டுக்கும் ஒருசேரப் பணமில்லை என்றால் விமானம் காத்திருக்கட்டும். சந்தையில் கப் எப்போதும் இருக்கும். ஈரக்களத்தில் நிற்கும் உங்கள் கப்புக்குத்தான் அவகாசம் இல்லை.

தீயைப் பற்றிய அச்சம் இல்லத்தரசிகளிடமிருந்தும் காப்பீட்டாளர்களிடமிருந்தும் வரும், வரவும் வேண்டும். பழைய நைட்ரேட் டோப் மிக வேகமாகப் பற்றக்கூடியது. சான் டியாகோ விமான அருங்காட்சியகம் 1978லும், பாரிஸுக்கு அருகே லெ பூர்ஜே அருங்காட்சியகத்தின் சேமிப்புக் கிடங்கு 1990லும், கனடாவின் ஹாமில்டன் போர்விமான அருங்காட்சியகக் கொட்டகை 1993லும், மிச்சிகனின் யாங்கி அருங்காட்சியகம் 2004லும் எரிந்தன. இதைக் காட்டி, வீட்டில் வைப்பதா என்று கேட்பவர்களுக்கு நான் இதையே எதிர்ச்சான்றாகக் காட்டுவேன். பழைய விமானங்களை அருங்காட்சியகத்திடம் ஒப்படைத்தால் பத்திரம் என்ற எண்ணம் ஒரே இரவில் பல விமானங்களை இழந்த வரலாற்றோடு பொருந்தவில்லை. நூறு வீடுகளில் நூறு கப் நிற்கும்போது ஒரு தீ ஒன்றைத்தான் எடுக்கும். உங்கள் வீட்டைக் காப்பது வேறு கணக்கு. அதற்கு விதித்தொகுப்பே வழி சொல்கிறது: வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே ஒருமணி நேரம் தீயைத் தாங்கும் சுவர், வீட்டு அலாரத்தோடு இணைந்த புகை உணரி, வெளியேற இரண்டு வழி. என்னைக் கேட்டால் ஒட்டியே கட்டாமல் பத்துப் பதினைந்தடி தள்ளிக் கட்டுங்கள். கப்பின் தொட்டியில் பிடிப்பது 12 கேலன் பெட்ரோல்தான்; பெரிய எஸ்யூவி கார் அதைவிட அதிகம் சுமந்துகொண்டு உங்கள் படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கம் தூங்குகிறது. ஆலையிலிருந்து வந்த கப்பில் மின்சாரமே கிடையாது, விசிறியைக் கையால் சுற்றித்தான் கிளப்பவேண்டும். ஆகவே தீ வருவதானால் விமானத்தைவிட, பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் லித்தியம் பேட்டரியிலிருந்தும் எண்ணெய்த் துணிக் குவியலிலிருந்தும் வரவே வாய்ப்பு அதிகம். கொட்டகையில் டோப் பூசவேண்டியிருந்தால் வெதுவெதுப்பூட்டும் நெருப்பை முதலில் அணைத்துவிட்டு, கதவைத் திறந்துவைத்துப் பூசுங்கள்.

அக்கம்பக்கத்தார் பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 1946ல் தொடங்கிய சியரா ஸ்கை பார்க் முதல், போர்க்காலக் கடற்படைக் களத்தின்மேல் எழுந்த ஃபுளோரிடாவின் ஸ்ப்ரூஸ் கிரீக் வரை, விமானக் குடியிருப்புகளில் வீட்டுக்கொரு கொட்டகை வழக்கமான காட்சி. ஆனால் கூரையின் நிறம் வரை குடியிருப்புச் சங்கத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கும். சொந்த நிலத்தில் புதிதாக இறங்குதளம் அமைப்பவர்கள் வேலை தொடங்குவதற்கு 90 நாள் முன்னதாக விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு அறிவிப்பு அனுப்பவேண்டும். கொட்டகைக்கான அனுமதி இதிலிருந்து தனி; அது மாவட்ட அலுவலகத்தின் கையில். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ஒன்று கிடைத்ததும் மற்றதும் கிடைத்துவிட்டதென்று அடித்தளம் தோண்டாதீர்கள்.

கையிருப்பு குறைவாக இருந்தால் எதைத் தள்ளிப்போடலாம் என்பதையும் சொல்லவேண்டும். பணிமேசை, வண்ணப்பூச்சு, சூடாக்கி, சுவரின் உட்புறப் பலகை, கூடுதல் விளக்கு, தானியங்கிக் கதவு மோட்டார் எல்லாம் பிறகு வரலாம். கையால் திறக்கும் கதவு யாரையும் சோம்பேறியாக்கியதில்லை. தள்ளிப்போடவே முடியாதவை மண்ணுக்குள்ளும் மூட்டுகளிலும் இருப்பவை. விஸ்கான்சின் போன்ற மாநிலத்தில் அடித்தளம் 48 அங்குலத்துக்குக் கீழே போகாவிட்டால் உறைபனி மண்ணைப் பொருமவைத்து மூன்று குளிர்காலத்தில் கதவை இறுகச்செய்துவிடும். அதைப் பிறகு திருத்துவது மறுபடி கட்டுவதற்குச் சமம். கதவுக்கு மேலே செல்லும் உத்திரத்தின் கனம், தூணின் இரும்புப் பிணைப்பு, கூரைத்தகட்டின் ஈரத்தடுப்பு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். தளத்துக்குக் கான்கிரீட் லாரி வரும் காலையில் நீங்கள் அங்கே இருங்கள். பாலித்தீன் விரிப்பு கிழியாமல் கிடக்கிறதா, ஓரங்கள் ஒட்டியிருக்கின்றனவா, தூணைச் சுற்றி மடித்து மேலேற்றியிருக்கிறார்களா என்று ஊற்றுவதற்கு முன்பே ஒருமுறை நடந்து பாருங்கள். ஊற்றிய பிறகு பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

அன்புடன்,
உங்களைப் போலவே பழைய விமானங்களை நேசிக்கும் ஒருவன்